எனக்குத் தெரிந்த பாதி பாஸ்வேர்டு

கடையை இப்போது பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்களும் போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆப்பிள், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு மரியாதையாகத்தான் வந்தார்கள். ஆனால் வந்த காரியம் வேறு.

"அக்கா, இப்ப எல்லாருமே போன்லயே பாஸ்வேர்டு சேவ் பண்ணிக்கிறாங்க. விரலை வெச்சா தொறக்குது. நாம மட்டும் ஏன்கா நெட்டு இல்லாத கம்ப்யூட்டர் ஒண்ண வெச்சிகினு, ரெண்டு பேரு மாத்தி மாத்தி உக்காந்து எழுந்து பேஜார் பட்டுகினு இருக்கணும்?" என்று பெரியவள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரேவதியின் முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர்களும் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சின்னப் பெண்கள், வேலைக்கு வந்த புதிதில் இதையெல்லாம் கேட்டு மனசு கெட வேண்டாம் என்று அப்போது தோன்றியது. இப்போது, தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் படிக்கத்தான் சேர்ந்தேன். லோயர், ஹையர் இரண்டும் முடித்ததும், "சும்மா வீட்ல இருக்கிறதுக்கு இங்க வந்து உக்காருமா" என்றார் அதை நடத்திய தயாளன் சார். உட்கார்ந்தேன். எழுந்தது போன மாதம்தான். நடுவில் டைப்ரைட்டர்கள் பழைய இரும்புக்குப் போயின, ஜெராக்ஸ் மெஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, நெட் வந்தது. கடைப் பெயர்ப் பலகை ஒவ்வொரு தடவையும் மாறியது. நாங்கள் இரண்டு பேரும் மாறவில்லை.

நெட் வந்த பிறகு எங்களுக்கு வந்த வேலைகளைச் சொல்லி முடியாது. பட்டுச்சேலை வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி, சரக்கு அனுப்ப ஈ-வே பில். களம்பூர் அரிசி மில்காரர்களுக்கும் அதேதான். பிளஸ் டூ ரிசல்ட், பட்டா, பாஸ்போர்ட், வேலைக்கு அப்ளிகேஷன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு ஈமெயில் வேண்டும். ஈமெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். என்ன பாஸ்வேர்டு வைக்கலாம் என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நீங்களே இன்னாவாச்சும் ஒண்ணு போட்டு வெச்சிக்கோங்கமா. எங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது."

வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் ஊர் இது. அந்தப் பழக்கத்தில்தான் அதையும் எங்களிடம் கொடுத்தார்கள். நாங்களும் வெகுளியாக எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டோம். கடைப் பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. நெசவுக்காரர்கள் தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், தங்கள் பெண்களுக்கு வரன் தேட எங்கள் கடையில்தான் கல்யாண வெப்சைட்டில் பதிந்திருந்தார்கள். மொபைல் நம்பர்தான் யூசர் பெயர். இரண்டாம் வீட்டுக்காரர் ஒருநாள் தன் நம்பருக்குப் பதிலாக முதல் வீட்டுக்காரரின் நம்பரைப் போட்டு, தன் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார். திறந்துகொண்டது. உள்ளே, வேலூரில் பாங்க் வேலையில் இருக்கும் மாப்பிள்ளையோடு பேச்சு பாதிக்கு மேல் நடந்திருந்தது. மனுஷன் மறுநாளே வேலூருக்கு பஸ் ஏறிவிட்டார். அந்த மாப்பிள்ளை அவர் பெண்ணுக்கே முடிந்தது.

முதல் வீட்டுக்காரர் கடைக்கு வந்து நின்று, "என் மருமவனை நீங்கதான் சார் அவன் கையில புடிச்சிக் குடுத்துட்டீங்க!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. சார் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் கடைக்கும் பத்திரிகை வந்தது. நான் போய் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சார் போகவில்லை.

சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பிடிக்காத ஒன்றைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைப்பார். அதற்குள் எதிரில் இருப்பவருக்குப் பாதி புரிந்துவிடும். கம்ப்யூட்டரிலும் டைப்ரைட்டர் மாதிரியேதான் அடிப்பார். முதுகு நிமிர்ந்து, பத்து விரலும் அதனதன் இடத்தில், ஒவ்வொரு எழுத்தும் டக் டக்கென்று. கீபோர்டுகள் எங்கள் கடையில் சீக்கிரம் செத்துப்போகும்.

அந்தக் கல்யாண விவகாரத்துக்குப் பிறகு அவர் வேலூரில் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டு, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஒரு புரோகிராமைக் கொண்டுவந்தார். நெட்டே வேண்டாம். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலைத் திறக்க ஒரே ஒரு தலைப் பாஸ்வேர்டு. அது மறந்துபோனால் செய்தவனே வந்தாலும் திறக்க முடியாது. நெட்டிலேயே சேர்த்து வைக்கும் வசதியும் அப்போதே வந்துவிட்டது. அதைச் சொன்னபோது சார் செருமினார்.

"நெட்டுல வெச்சா, ஊரு பேரு தெரியாதவன் வீட்டு பீரோவுல வெச்ச மாதிரிமா. இங்க வெச்சா நம்ம பீரோ. தொலைஞ்சா நாம பதில் சொல்லலாம்."

இதற்கென்றே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மூலையில் வைத்து, அதன் நெட் வயரைப் பிடுங்கி எறிந்தார். சாயம் சரியாக ஏறாத பட்டுத் துணி ஒன்று யாரோ கொடுத்தது கிடந்தது. அதைப் போட்டு மூடினோம். ஃபைலின் நகல் ஒரு பென்டிரைவில் சார் வீட்டு பீரோவில் இருக்கும். வாரம் ஒருமுறை கொண்டுவந்து புது நகல் எடுத்துப் போவார்.

தலைப் பாஸ்வேர்டை இரண்டாக வெட்டியதும் அவர் யோசனைதான். முதல் பாதி அவருக்கு மட்டும் தெரியும். இரண்டாம் பாதி எனக்கு மட்டும். யாருக்காவது பாஸ்வேர்டு வேண்டுமென்றால், சார் உட்கார்ந்து தன் பாதியை அடிப்பார். நான் தெருவைப் பார்த்து நிற்பேன். அவர் எழுந்து தெருவைப் பார்ப்பார், நான் உட்கார்ந்து என் பாதியை அடிப்பேன். அவர் அடிக்கும் சத்தத்தை வைத்தே எத்தனை எழுத்து என்று எண்ணிவிடலாம். ஒருநாள் அதைச் சொல்லிவிட்டேன். "அப்ப காதையும் அந்தப் பக்கம் திருப்பிக்கோமா" என்றார். என் சர்வீஸில் அவர் அடித்த ஜோக் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து, அடிப்பதற்கு முன் ஃபேனை முழு வேகத்தில் வைக்க ஆரம்பித்தார்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது. கஸ்டமர் காதில் விழ வாய்விட்டுப் படிக்கக் கூடாது. மூலைக் கம்ப்யூட்டரில் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு, நெட் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நடந்து வந்து அடிக்க வேண்டும். புரோகிராம் போட்டுத் தரும் பாஸ்வேர்டுகள் தலையும் வாலும் இல்லாமல் இருக்கும். ஒரே நடையில் கொண்டுவர முடியாது. பாதி வழியில் மறந்து, திரும்பிப் போய்ப் பார்த்து, மறுபடி வருவேன். "இன்னாமா, கோயில் சுத்துறியா?" என்று மில்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இரண்டு பேரில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு ஃபைல் திறக்காது. எனக்குக் காய்ச்சல் என்று படுத்த நாளில் சார் ஆட்டோ அனுப்பி, போர்வையோடு என்னை வரவழைத்து, என் பாதியை அடிக்க வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தன் பாதியை அவர் தன் வீட்டம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். என் பாதியை, போன மாதம் இந்தப் பெண்களில் ஒருத்தியிடம் ஒப்படைக்கும் வரை, நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல எனக்கு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

இவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டுகளை நாங்கள் ஆள் ஆளாக வைக்கவில்லை, வீடு வீடாக வைத்தோம். ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத் தலைவர் பெயரில் ஒரு பகுதி. அதற்குள் மனைவி, பிள்ளை, மருமகள் எல்லோருடையதும். மக்கள் வந்து கேட்பதும் அப்படித்தான். "எங்க வீட்டுது எடுமா" என்பார்கள். மொபைல் நம்பர் கேட்கும் இடத்தில் எல்லாம் வீட்டுக்காரர் நம்பரையே போடுவோம். பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக போன் இல்லை. இருந்தாலும் ஆஃபருக்கு ஒரு சிம் என்று நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஓடிபி போகிற இடம் நிலையாக இருக்க வேண்டுமே. அதனால் சாரே வைத்த விதி, ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். வேலை சுலபமாக நடந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

ரேவதி கலசப்பாக்கத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் படித்து, வேலூரில் கொஞ்ச நாள் வேலையும் பார்த்தவள். குமரேசன் என்கிற பட்டுச்சேலை வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்து ஆரணிக்கு வந்தாள். குமரேசன் எங்கள் பழைய கஸ்டமர். அவருடைய ஜிஎஸ்டியிலிருந்து எல்லாம் எங்களிடம்தான். நல்ல மாதிரிப் பேசுவார். கல்யாணமான வருஷம் ரேவதியைக் கூட்டிவந்து ஆதாரில் பெயர் மாற்றி, ஒரு ஈமெயிலும் போட்டுப் போனார். வழக்கப்படி அவர் நம்பர், அவர் வீட்டுப் பகுதி.

அதற்கப்புறம் சில வருஷங்கள் அவளை நான் பார்க்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். குழந்தை இரண்டாம் வகுப்புப் போய்விட்டாளாம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், வெப்சைட்டில் அப்ளிகேஷன் போட வேண்டும் என்றாள்.

"வீட்ல தெரியுமாமா?" என்று கேட்டேன்.

"கெடச்சா சொல்லிக்கலாம்கா. கெடைக்காததுக்கு எதுக்கு ஒரு சண்டை?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "தெருவுல யாருக்கு சுகர் ஊசி போடணும்னாலும் என்னைத்தான் கூப்புடுறாங்க. ராவுல மாமியாருக்கு மூச்சு வாங்குனா நான் வேணும். அப்ப மட்டும் நான் நர்ஸு. மத்த நேரத்துல சேலை மடிக்கிறேன்."

ஈமெயில் பழையதையே போட்டோம். அப்ளிகேஷனில் அவளுடைய பட்டன் போன் நம்பரைக் கொடுத்தாள். புது பாஸ்வேர்டு போட்டதும், "இது உங்ககிட்டயே இருக்கட்டும்கா. வீட்ல எங்கயும் எழுதி வெக்க முடியாது. அவரு பேருல வெக்காதீங்க" என்றாள்.

அவள் பெயரில் தனியாக ஒரு பகுதி போட்டேன். ஈமெயில் பாஸ்வேர்டையும் மாற்றி அதிலேயே வைத்தேன். அந்த ஃபைலில் ஒரு பெண்ணின் பெயரை மட்டும் தலைப்பாகக் கொண்ட முதல் பகுதி அதுதான். சார் பார்த்துவிட்டு, "இது யாரு வீடுமா?" என்று கேட்டார்.

"அவங்க வீடுதான் சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை கிடைத்தது. நேர்காணலுக்கு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சென்னை போய் வந்தாள். வேலையை ஏற்கிறேனா இல்லையா என்று அந்த வெப்சைட்டில் போய்ச் சொல்ல வேண்டும். கூடவே நர்ஸ் பதிவைப் புதுப்பித்த சான்றையும் ஏற்ற வேண்டும். சான்று வர நாளாயிற்று. கடைசித் தேதிக்குள் வந்துவிடும் என்றார்கள். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

பயந்தது போலவே ஆயிற்று. ஒரு காதுகுத்தில் ரேவதியின் அண்ணன் குமரேசனைப் பார்த்து, "மாப்ள, தங்கச்சிக்கு மெட்ராஸ்ல வேலையாமே!" என்று சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டார். வேலை கிடைத்ததை அவரிடம் இவள் சொல்லியிருந்தாள், புருஷனுக்குத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குமரேசன் கடைக்கு வந்தார். கோபமாக எல்லாம் வரவில்லை. வழக்கம் போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், எங்க வீட்ல ஏதோ வேலைக்குப் போட்டிருக்காங்களாம். அதோட பாஸ்வேர்டு கொஞ்சம் ஜல்தியா எடுத்துக் குடுங்க. இன்னா போட்டிருக்காங்கன்னு பாக்கணும்."

எத்தனையோ புருஷன்மாருக்கும் அப்பாமாருக்கும் நாங்கள் அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறோம். சார் எழுந்து ஃபேனை வேகமாக வைத்தார். பட்டுத் துணியை விலக்கினார். நான் தெருவைப் பார்த்து நின்றேன். டக் டக்கென்று அவர் பாதி முடிந்தது. அவர் எழுந்து, "வாமா" என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"சரளா, உன் பங்கைப் போடுமா."

"அவங்க வந்து கேட்டா போடுறேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஃபேன் சத்தத்தில் அவருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன். அது கத்தினது மாதிரி ஆகிவிட்டது.

குமரேசன் சிரித்தார். "இன்னாக்கா, நான் இன்னா வெளியாளா? என் வீட்டு ஐடிதானே. நான்தானே கூட்டிகினு வந்து போட்டேன்?"

"உங்க வீட்டு ஐடி இல்லைங்க. அவங்க ஐடி."

அவர் சாரைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார். "சார், உங்களுக்குத் தெரியாததா. எனக்கு நூலு, ஜரிகை எல்லாம் வாய் வார்த்தையில கடனா வருது. பொண்டாட்டி மெட்ராசுக்கு வேலைக்குப் போறான்னு தெரிஞ்சா மார்க்கெட்டு இன்னா பேசும்? குமரேசன் நொடிச்சிட்டான்னு பேசும். அடுத்த வாரம் ஒருத்தன் சரக்கு தருவானா? அவளுக்கு இன்னா கொறை வெச்சேன்? சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த ஊர் அப்படிப் பேசக்கூடிய ஊர்தான். சார் தொண்டையைச் செருமினார். பிறகு மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். என் பாதி அவருக்கு எப்படியோ தெரிந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன். அவர் அடித்த பாதியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, துணியைப் போட்டு மூடினார்.

"அவங்களைக் கூட்டிகினு வாங்க குமரேசன். ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. நான் எடுத்துத் தரேன்" என்றார்.

குமரேசன் எழுந்தார். "பரவால்ல சார். நீங்க உங்க வேலையைப் பாக்குறீங்க" என்றார். வெளியே போய் பைக்கில் உட்கார்ந்தார். கிளம்பவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாருக்கோ மெசேஜ் போடுகிறார் என்று நினைத்தோம்.

உள்ளே சார் டீ சொன்னார். காலை டீ முடிந்த பிறகு இன்னொரு டீ அவர் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு வடையும் வந்தது. "நீ பண்ணது நல்லதுதான்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சர்வீஸில் மனசு நிறைந்து சாப்பிட்ட வடை அது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குமரேசன் தலையைக் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தோம். கொஞ்ச நேரத்தில் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

அன்றைக்கே ரேவதிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "குடுக்கலைமா. தைரியமா இரு" என்றேன். அவள், "வீட்ல ஒண்ணுமே கேக்கலைக்கா. சாப்புட்டாரு, படுத்துட்டாரு. அதான் பயமா இருக்குது" என்றாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சான்று வந்துவிட்டது. மத்தியானம் ஓடி வந்தாள். நெற்றியில் வேர்வை, முகத்தில் சிரிப்பு. சார் தன் பாதியை அடித்தார், நான் என் பாதியை அடித்தேன். பாஸ்வேர்டை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டேன். தவறு என்றது. அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டிருப்பேன் என்று திரும்பிப் போய்ப் பார்த்து வந்து போட்டேன். தவறு. சாரே வந்து போட்டுப் பார்த்தார். தவறு.

புது பாஸ்வேர்டு கேட்டால் அந்த வெப்சைட் ஈமெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்பும். ஈமெயிலைத் திறக்கப் போனோம். அந்தப் பாஸ்வேர்டும் தவறு என்றது. மறந்துவிட்டதா என்று கேட்டு, ஒரு நம்பருக்கு ஓடிபி அனுப்புவதாகச் சொல்லி, நம்பரின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது. சார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த எண்ணை ஈ-வே பில்களில் எத்தனையோ தடவை அவர் கையாலேயே அடித்திருக்கிறார்.

"அவரு நம்பருங்க அது" என்றாள் ரேவதி.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பாஸ்வேர்டை இரண்டு பேர் சேர்ந்து பூட்டி வைத்திருந்தோம். ஆனால் ஈமெயில் அவளுடையது என்று நிரூபிக்கும் நம்பர், கல்யாணமான வருஷம் போட்டது, குமரேசனுடையது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தட்டினால் போதும், ஓடிபி அவர் கைக்கு வரும். அன்றைக்கு அந்த மனுஷன் பைக்கில் உட்கார்ந்து செய்தது அதுதான். முதலில் ஈமெயிலை மாற்றி, அதன் வழியாக ஆஸ்பத்திரி வெப்சைட்டையும் மாற்றிக்கொண்டார். எங்கள் ஃபைலை அவர் தொடவே இல்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு அந்த வடை நினைவுக்கு வந்து குமட்டியது.

"இப்ப இன்னாக்கா பண்றது?" என்றாள். பிறகு அவளே தன் போனை எடுத்து அவருக்கு அடித்தாள். "ஏங்க, ஒரு ஓடிபி வரும். சொல்றீங்களா?"

திட்டுவார், வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் உடனே எண்ணைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, நிதானமாக. "வந்துச்சா? சரி, பாப்பாவை நான் போய் கூட்டிகினு வந்துர்றேன். நீ பொறுமையா வா" என்றார். அவர் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

ஈமெயிலைத் திறந்து, அதற்கு வந்த லிங்க்கில் புது பாஸ்வேர்டு போட்டு, ஆஸ்பத்திரி வெப்சைட்டுக்குள் போனோம். அந்தப் பக்கத்தில் அவள் போட்டோ, அவள் பெயர், அதன் கீழே ஒரே ஒரு வரி: விண்ணப்பதாரர் தமது சொந்த விருப்பத்தின் பேரில் இந்தப் பணியை ஏற்க மறுத்துள்ளார்.

ரேவதி அதை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "மறுத்துள்ளார்னு போட்டிருக்குதே. நானாக்கா மறுத்தேன்?" என்றாள். அழவில்லை. கோபம்கூட இல்லை. நிஜமாகவே கேட்பது போலக் கேட்டாள்.

சார்தான் ஆஸ்பத்திரியின் நம்பரைத் தேடி எடுத்தார். கடை போனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். பெயரையும் நம்பரையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க லாகின்ல இருந்துதான் மேடம் வந்திருக்கு. நீங்களே வேண்டாம்னு குடுத்திருக்கீங்க" என்றாள்.

"நான் குடுக்கலைங்க" என்றாள் ரேவதி.

"அப்ப உங்க லாகின்ல வேற யாராவது போயிருக்காங்களா மேடம்? அப்படி இருந்தா போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்து, அதோட காப்பியை எங்களுக்கு மெயில் பண்ணுங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் உங்க இடத்தை நான் ஹோல்ட் பண்ணச் சொல்றேன். வெயிட்டிங்ல இருக்கிறவங்களை அதுக்கப்புறம் கூப்பிட்டுக்கலாம்."

வழி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். ரேவதியின் தோளைத் தொட்டு, சொல்லு சொல்லு என்று தலையாட்டினேன். நானும் கூட வருகிறேன் என்று சைகை காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து தெருவில் போய் நின்றுகொண்டார்.

"யாரு பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? கம்ப்ளெய்ன்ட்ல அந்தப் பேரு வேணும்" என்றாள் அந்தப் பெண்.

ரேவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அவர் இந்நேரம் குழந்தையைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றாள் ரேவதி. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "யாரும் பண்ணலைங்க. நான்தான் வேணாம்னு போட்டேன். மறந்துட்டேன்."

"ஓகே மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்தாள்.